கஞ்சிக்கோபுரத்துப் பஞ்சம்மாள்

கரட்டுப்பட்டியில் சத்தம் கேட்டால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, ஊரை ஒட்டி நிற்கிற கரட்டுக் குன்றைத்தான் பார்ப்பார்கள். கரட்டு உச்சியில் கஞ்சிக்கோபுரம் நிற்கிறது. கோபுரத்தின் சாவி பஞ்சம்மாளின் இடுப்பில் இருக்கிறது. அவள் ஏறிப்போய், எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று பார்த்துக் குரல் கொடுக்கிற வரைக்கும், அடிவாரத்தில் நிற்கிற பொம்பளைகளுக்கு உயிர் ஊசலாடும். ஊரில் பாதிக்குமேல் பட்டாசு செய்கிற வெடிக் கம்பெனிகளுக்குப் போகிற சனம். வடக்கே ஆமத்தூர்ப் பக்கம் தகரக் கம்பெனி, மேற்கே புதுக் கம்பெனி, தெற்கே அச்சங்குளம் போகிற பாதையில் பனங்காட்டுக் கம்பெனி. போர்டில் முதலாளிமார் எழுதி வைத்திருக்கிற பேர் வேறு. அதெல்லாம் லேபிளில் அச்சடிக்கத்தான். ஊர் வாயில் நுழைந்தவை இந்த மூன்று பேர்கள்தான்.

பஞ்சம்மாள் பேச்சை வளர்க்க மாட்டாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, "தகரம்" என்பாள், இல்லாவிட்டால் "புதுசு" என்பாள், இல்லாவிட்டால் "பனங்காடு" என்பாள். அந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்பிய வீட்டுக்காரிகள் மாரில் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவார்கள். மற்ற வீட்டுக்காரிகள், நம் பிள்ளை தப்பித்தது என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்ட வெட்கத்தோடு, அவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். புகையே இல்லையென்றால், அதாவது சத்தம் கல்குவாரி வேட்டாகவோ, வடநாட்டு வியாபாரிக்கு சாம்பிள் போட்டுக் காட்டியதாகவோ இருந்தால், "ஒண்ணும் தெரியலை" என்று கத்துவாள். வாத்தியாரிடம் சொன்னால் பிரம்படி வாங்கித் தருகிற சொல்தான். ஆனால் கரட்டுப்பட்டியில் அதைவிட இனிப்பான சொல் கிடையாது. "தெரியலைன்னுட்டாக" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டு, போட்டது போட்டபடி விட்டுவந்த அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போவார்கள்.

கோபுரம் வந்த கதையை ஊர் ஒரு மாதிரி சொல்லும், கட்டியவர்கள் ஒரு மாதிரி சொல்வார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் விருதுபட்டி வியாபாரி ஒருவர், தூத்துக்குடியிலிருந்து அரிசி ஏற்றிவரத் தன் ஒரே மகனை வண்டிகளோடு அனுப்பினாராம். திரும்பி வருகையில் இந்தக் கரட்டடியில் மகனுக்கு வாந்திபேதி கண்டு, விடிவதற்குள் முடிந்துபோனானாம். அவன் நினைவாக உச்சியில் கல்லால் கோபுரம் எழுப்பி, அந்த அரிசியை இங்கேயே கஞ்சி காய்ச்சிப் பசித்த சனத்துக்கெல்லாம் ஊற்றினாராம். இது வியாபாரி வம்சத்தார் சொல்கிற கதை. அந்த வம்சத்தில் இப்போதைய பெரிய தலை லட்சுமிகாந்தம் முதலாளி. சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருநாள் குடும்பத்தோடு வந்து விளக்கேற்றிவிட்டு, முப்பாட்டனைத் தர்மப்பிரபு என்று போட்டு நாலு கலரில் ஒரு நோட்டீஸும் கொடுத்துவிட்டுப் போவார்.

ஊர்க்காரர்கள் சொல்வது வேறு. கஞ்சியை யாரும் சும்மா ஊற்றவில்லை. அடிவாரத்திலிருந்து ஒரு கல்லை உச்சிக்குச் சுமந்தால் ஒரு கலயம் கஞ்சி. சுமந்த கல்லில் அவரவர் அடையாளமாக ஆணியால் ஒரு கீறல் போட வேண்டும். மீன், அரிவாள், பிறை என்று ஆளுக்கொரு கீறல். ஊற்றுகிறவன் அதைப் பார்த்துத்தான் ஊற்றுவான். பாதி வழியில் கல்லோடு சாய்ந்தவர்களைச் சரிவிலேயே குழி தோண்டி மூடினார்கள். வாசல் கல்வெட்டில் வியாபாரி மகன் பேர் மட்டும் இருக்கிறது, சுமந்து செத்தவர்களுக்குக் கீறல்தான் மிச்சம். கூலிக்குத் தானம் என்று பேர் வைத்தவன் கெட்டிக்காரன் என்று ஊரில் இன்றைக்கும் சிரிப்பார்கள். நோட்டீஸில் நினைவு மண்டபம் என்று எத்தனை கலரில் அடித்தாலும், ஊருக்கு அது கஞ்சிக்கோபுரம்தான்.

பஞ்சம்மாள் ஆமத்தூரில் பிறந்தவள். கரட்டுப்பட்டி ராக்கப்பனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். ஒடிசலான உடம்பு, சுருக்கான நடை, வேண்டாததைப் பேசாத வாய். வந்த புதிதில் அவளுக்கும் கோபுரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்போது சாவி, முதலாளி வைத்திருந்த காவல்காரர் சுந்தரபாண்டியிடம் இருந்தது. சத்தம் கேட்டால் அவர்தான் ஏறிப் பார்ப்பார். ராக்கப்பன் தகரக் கம்பெனிக்கு வெடிமருந்து கலக்கப் போய்க்கொண்டிருந்தான். பெண் குழந்தை பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது.

அன்றைக்குச் சத்தம் கேட்டதும் இடுப்பில் பிள்ளையோடு பஞ்சம்மாளும் அடிவாரத்துக்கு ஓடினாள். மேலே ஏறிய சுந்தரபாண்டி பார்த்தார். பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் இறங்கி வந்தார். தகரக் கம்பெனி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊரிலிருந்து அன்றைக்கு அங்கே போனவன் ராக்கப்பன் ஒருத்தன்தான் என்பதும் தெரியும். நல்ல மனுஷன், சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், காலில் முள் ஏறிவிட்டது என்றார், பச்சைப்பிள்ளைக்காரி வெயிலில் நிற்காதே, வீட்டுக்குப் போத்தா என்றார். பஞ்சம்மாளும் ஒன்றுமில்லை போல என்று வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தானும் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தாள். பாதிச் சாப்பாட்டில்தான் ஆள் வந்தது.

புருஷன் போனதை எப்படியோ தாங்கிக்கொண்டாள். அந்தச் சோற்றைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் அங்கே கரிந்து கிடக்கையில் நான் இங்கே ரசத்தை ஊற்றிப் பிசைந்து தின்றேனே என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். இனி ஒருநாளும் அடிவாரத்தில் நின்று அடுத்தவர் வாயைப் பார்ப்பதில்லை என்று அவள் மனசுக்குள் முடிவு செய்தது அப்போதுதான். சுந்தரபாண்டிக்கு முட்டி விட்டுப்போன பிறகு, லட்சுமிகாந்தம் முதலாளியிடம் போய், கோபுரத்தை நான் கூட்டிப் பெருக்கி வைக்கிறேன், சாவியை என்னிடம் கொடுங்க என்று நின்றாள். தன் முப்பாட்டன் மேல் இந்தம்மாவுக்கு இத்தனை பக்தியா என்று அவர் உருகிப்போய்க் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. கூடம் கரட்டடியிலேயே இருந்தது அவளுக்கு வசதி. பகலில் ஊரில் எப்போதும் இருக்கிற ஆள் என்று பேரும் ஆயிற்று. சத்தம் கேட்ட மாத்திரத்தில் கரண்டியை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிடுவாள். பேர் சொல்ல அவள் தயங்கியதே கிடையாது. தன் சொந்தத் தம்பி புதுக் கம்பெனியில் இருந்த நாளிலும் "புதுசு" என்று அதே குரலில்தான் கத்தினாள். தம்பி பிழைத்துவிட்டான் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. அதனால் ஊருக்கு அவள் வாய்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

பாண்டிச்செல்வி வளர்ந்து, பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டு, மற்ற பிள்ளைகளோடு பனங்காட்டுக் கம்பெனி வேனில் ஏறினாள். பஞ்சம்மாள் தடுக்காமல் இல்லை. அச்சாபீஸில் தாள் மடிக்கிற வேலையாவது போட்டுக் கொடுங்க என்று லட்சுமிகாந்தம் முதலாளியிடம் கேட்டாள். தீபாவளி கழியட்டும் பஞ்சம்மா, பார்ப்போம் என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு ஓடு மாற்றுவது, பல் பிடுங்குவது எல்லாமே தீபாவளி கழிந்துதான். சீசனில் சாக மட்டும்தான் ஆளுக்கு நேரம் உண்டு. தீபாவளி கழிந்தது, அடுத்ததும் கழிந்தது. பிள்ளை திரி வைக்கிற வேலையில் கை தேர்ந்து, வாரச் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், பங்குனி வெயிலில் ஒருநாள் கோபுரத்தைக் கூட்டிவிட்டு நிமிர்ந்த பஞ்சம்மாள் மூன்று பக்கமும் பார்த்தாள். தகரத்திலும் புகை, புதுசிலும் புகை, பனங்காட்டிலும் புகை. சத்தமே இல்லாமல் மூன்றும் ஒன்றாக எரிகிறதா என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் கண்ணைக் கசக்கிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். கையிலும் புகை இருந்தது. அப்போதுதான் புகை கம்பெனியில் இல்லை, தன் கண்ணில் என்று விளங்கியது.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. சூலக்கரையில் கண் முகாம் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, இப்படியே விடக்கூடாது, ஆபரேஷன் செய்தால் பளிச்சென்று தெரியும் என்றார். பஞ்சம்மாளுக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. அதற்குப் பிறகு சொன்னதுதான் பயமாக இருந்தது. ஒரு மாதம் அடுப்படிக்குப் போகக் கூடாது, குனியக் கூடாது, மேடு ஏறவே கூடாது. அந்த ஒரு மாதத்தில் சத்தம் கேட்டால்? சாவியை யார் கையிலாவது கொடுத்துவிட்டு, கண்ணில் பச்சைத் துணியோடு அடிவாரத்தில் நிற்க வேண்டும். மேலே ஏறியவள் பனங்காடு என்று பார்த்துவிட்டு, பாவம் பஞ்சம்மா என்று இரக்கப்பட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்தால்? தீபாவளி கழியட்டும் டாக்டரம்மா, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு வீட்டிலும் பயம், வழியிலும் பயம். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. எதிரே வருகிறவர்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். நாத்தனார் செல்வலட்சுமி, ராக்கப்பனின் தங்கை, ஒருநாள் எதிரில் வந்து சிரித்துவிட்டுப் போக, இவள் பேசாமல் நடந்துவிட்டாள். மதினிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அது நாலு நாள் பேச்சாக ஓடியது. தலைக்கனம் என்றே இருக்கட்டும் என்று பஞ்சம்மாள் விட்டுவிட்டாள். ராத்திரி பாண்டிச்செல்வி தூங்கின பிறகு, பிள்ளையின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

வைகாசியில் ஒரு சத்தம் வந்தது. கோபுரத்துக்குள் சுழன்று ஏறுகிற படி அவளுக்குக் கால்பழக்கம். சுவர்க் கல்லில் இருக்கிற கீறல்களைத் தடவிக்கொண்டே ஏறிவிட்டாள். மேலே போனால் நாலாபுறமும் ஒரே வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் எந்தக் காதில் முதலில் விழுந்தது என்று யோசித்தாள். வடக்கிலிருந்து மருந்து வாடை வந்த மாதிரியும் இருந்தது. அதை நம்பி, "தகரம்" என்று கத்திவிட்டாள். தகரம்தான். கீழே இறங்கி வந்தபோது அவள் சேலை நனைந்து பிழிகிற மாதிரி இருந்தது. ஆடியில் இன்னொரு சத்தம். ஒற்றைச் சத்தமாகக் கேட்டதால் குவாரி என்று துணிந்து, "ஒண்ணும் தெரியலை" என்றாள். அதுவும் சரியாகப் போயிற்று. குருட்டாம்போக்கில் இரண்டு தடவை பலித்ததே அவளுக்குக் கெடுதலாகிவிட்டது. காது போதும், கண் எதற்கு என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்தது. ஆர்டர் குவிந்து கம்பெனிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் ஓடின. பஞ்சம்மாள் நாள் போகிறதா என்று கேலண்டரைப் பார்ப்பதற்குப் பதில், பாண்டிச்செல்வியிடம் தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் கேட்டாள். புதுச்சேலைக்கு அம்மா பறக்கிறாள் என்று மகள் கேலி செய்தாள்.

அன்று காலையில் சத்துணவுக் கூடத்தில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு சத்தம். பாத்திரங்கள் அதிர்ந்தன. அதன் பின்னாலேயே சரம் கொளுத்தினாற்போலத் தொடர்ந்து கேட்டது. குவாரி இப்படி வெடிக்காது, சாம்பிளும் இப்படி வெடிக்காது. பஞ்சம்மாள் சாவியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவள் கரட்டில் பாதி ஏறுவதற்குள் அடிவாரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. செல்வலட்சுமி முன்னால் நின்றாள். அவள் மகன் முனியராஜ் புதுக் கம்பெனியில் இருந்தான்.

மேலே வந்து பார்த்தால் அதே வெள்ளை. காதைத் தீட்டினாள். அதற்குள் எல்லாம் அடங்கிப் போயிருந்தது. காற்று அசையவில்லை. வைகாசியிலும் ஆடியிலும் செய்த மாதிரி ஊகிக்கப் பார்த்தாள். தெற்கு என்று மனசு சொல்லும், சொன்ன மாத்திரத்தில் ஐயோ தெற்கு இல்லை என்று அதே மனசு கதறும். மற்றவர்கள் பிள்ளைக்கு ஊகித்த காது, தன் பிள்ளைக்கு ஊகிக்க மாட்டேன் என்றது. பனங்காட்டுப் பக்கம் திரும்பி, இமையை விரலால் விரித்துக்கொண்டு பார்த்தாள். கீழேயிருந்து மதினி, சொல்லுங்க மதினி என்று செல்வலட்சுமியின் குரல் கேட்டது. இதற்குமேல் பொய் சொன்னால் யாரோ ஒருத்தி பாதிச் சாப்பாட்டில் இருப்பாள் என்று பஞ்சம்மாளுக்குத் தோன்றியது. வெட்கத்தை விட்டுவிட்டு, இருந்த உயிரையெல்லாம் குரலில் சேர்த்துக் கத்தினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை!"

கீழே ஒரு பெரிய மூச்சு எழுந்து அடங்கியது. "தெரியலைன்னுட்டாக, தெரியலைன்னுட்டாக" என்று கூட்டம் முழுக்கப் பரவியது. யாரோ மாரியாத்தாளைக் கும்பிட்டார்கள். யாரோ சிரித்தார்கள்.

பஞ்சம்மாள் திகைத்துப்போனாள். "தெரியலைடி, எனக்குத் தெரியலை" என்று மறுபடியும் கத்தினாள். கத்தக் கத்தக் கீழே சந்தோஷம் கூடியது. நாங்கள் கேட்டுக்கொண்டோம், இறங்கி வாருங்கள் என்பதுபோல ஒருத்தி கையை ஆட்டினாள். காலடிச் சத்தங்கள் கலைந்து ஊர்ப்பக்கம் போவதை அவள் மேலே நின்று கேட்டாள். இத்தனை வருஷமாகத் தானே ஊட்டி வளர்த்த சொல் அது. இப்போது வேறு அர்த்தம் கொடு என்றால் அது எப்படிக் கொடுக்கும்?

கீறல்களைத் தடவுகிற பொறுமையெல்லாம் இல்லை. சுவரில் தோள் இடிக்க இடிக்க இறங்கி, சரிவில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்து, தெருக்குழாயடியில் செல்வலட்சுமியைப் பிடித்தாள். குரலை வைத்துத்தான் பிடித்தாள். அங்கே நின்ற நாலைந்து பொம்பளைகளும், முட்டியில் ரத்தம் என்று அவள் காலருகே குனிந்தார்கள்.

"எனக்குக் கண்ணு தெரியலை செல்வலட்சுமி," என்றாள் பஞ்சம்மாள். "பொகை இல்லைன்னு நான் சொல்லலை. இருக்கா இல்லையான்னே தெரியலைன்னு சொன்னேன். ஓடிப் பாருங்கடி."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. குடத்தைப் போட்டுவிட்டு எல்லோரும் கரட்டில் ஓடினார்கள். தாது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சரிவில் அத்தனை பேர் ஒன்றாக ஏறியிருக்க மாட்டார்கள். பஞ்சம்மாளும் ஒருத்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆளாக ஏறினாள். கோபுரத்து உச்சியில் இடம் போதவில்லை. தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஏறும்போது அவ்வளவு சத்தமாக அழுதுகொண்டு வந்தவர்கள், மேலே வந்து ஒரு பக்கமாகத் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"எங்கிட்டு?" என்று கேட்டாள் பஞ்சம்மாள்.

யாரும் பேசவில்லை. "ஏத்தா, எங்கிட்டுன்னு சொல்லுங்களேன்" என்றாள். பக்கத்தில் நின்றவள் தொண்டையைச் செருமினாள். இந்த மௌனத்தைப் பஞ்சம்மாள் ஏற்கெனவே ஒருதரம் பார்த்திருக்கிறாள். அன்றைக்குச் சுந்தரபாண்டியிடம் முள் ஏறிய கால் இருந்தது, தண்ணீர்க் குவளை இருந்தது. அவள் செல்வலட்சுமியின் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். அண்ணன் செத்த அன்றைக்கு மதினி எப்படி ஏமாந்தாள் என்று செல்வலட்சுமிக்குத் தெரியும்.

"பனங்காடு, மதினி," என்றாள் அவள். "கறுப்பாப் போகுது. நாம இப்பவே ரோட்டுக்குப் போவோம், வாங்க."

பஞ்சம்மாள் அழவில்லை. சொல்லிட்டியே, நீ நல்லாயிருப்ப என்றாள். படியில் அவளை முன்னும் பின்னுமாகப் பிடித்து இறக்கினார்கள். ரோட்டில் வந்த லோடு வண்டியை மறித்து ஏறி, கம்பெனிக்குப் போனால் உள்ளே விடவில்லை. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருந்து கலக்கிற ரூமில் இருந்த வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று வழியிலேயே சேதி வந்தது. பொம்பளைப் பிள்ளைகளைப் பற்றி ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். ஊரில் வீணாகப் போன அந்த நேரத்தால் யாருக்கும் கெடுதல் வந்துவிடவில்லை என்று பின்னால் ஊர் பேசி ஆறுதல் தேடியது. வண்டியில் உட்கார்ந்திருந்த பஞ்சம்மாளுக்கு அந்த ஆறுதல் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும், வந்துட்டமா, வந்துட்டமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே மருந்து நெடியும் அழுகையும். செல்வலட்சுமி ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். பின்னாலேயே பஞ்சம்மாள், பாண்டி, பாண்டி என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். கோடியிலிருந்து யம்மா என்று குரல் வந்தது. அந்தக் குரல் வந்த பக்கம் பஞ்சம்மாள் கையை நீட்டிக்கொண்டு போனாள். வாழை இலையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள் பாண்டிச்செல்வி. வலது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோயிருந்தது, முகத்துக்கு ஒன்றுமில்லை, உயிருக்குப் பயமில்லை என்று செல்வலட்சுமி பார்த்துப் பார்த்துச் சொன்னாள். பஞ்சம்மாள் மகளின் நெற்றியையும் மூக்கையும் வாயையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"கோபுரத்துல ஏறுனியாம்மா?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

"ஏறுனேந்தாயி."

"நாங்க வெளிய ஓடியாந்து பனையடியில நின்னோம். நீ மேல நின்னு பதறுவேன்னு, இந்தக் கையாலயே துப்பட்டாவ உருவி ஆட்டுனேன். எரிச்சல் தாங்கலை, இருந்தாலும் விடாம ஆட்டுனேன். பாத்தியா?"

பாத்தாக, நல்லாப் பாத்தாக, நீ பேசாமப் படு என்று செல்வலட்சுமி அவசரமாகச் சொன்னாள். பஞ்சம்மாள் நாத்தனாரின் பக்கம் கையை நீட்டித் தடுத்தாள்.

"பாக்கலைத்தா. அம்மாவுக்குக் கண்ணு போயிருச்சு. பங்குனியிலயே போயிருச்சு. ஒங்கிட்டயும் சொல்லலை, ஊருலயும் சொல்லலை."

கரட்டுப்பட்டிப் பிள்ளைகள் தினமும் காலையில் கம்பெனி வாசலில் வேனைவிட்டு இறங்கியதும், செருப்பைக் கழற்றிப் போடுவதற்கு முன்னால், தூரத்தில் தெரிகிற கோபுரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். அது அவர்களுக்குப் பழக்கம். மேலே ஆள் இருக்கிறது என்று ஒரு தெம்பு. பஞ்சம்மாளுக்கு அது இன்றுவரை தெரியாது. மகள் கோபித்துக்கொள்வாள், அழுவாள் என்று குனிந்து காத்திருந்தாள். அவள் கோபிக்கவில்லை. ஒன்றும் விளங்காத சின்னப் பிள்ளை மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இம்புட்டு நாளா எங்களை யாரும்மா பாத்துக்கிட்டிருந்தா?"